"குழாய்தானே போனது?"



பள்ளி விடுமுறை முடிந்து திரும்பிய முதல் நாள். மாணவர்கள் கைகழுவும் இடத்தில் ஒன்பது பித்தளைக் குழாய்களையும் காணவில்லை. கட்டடத்தின் பின்புறம் மின்கம்பிகளையும் அறுத்துச் சென்றிருந்தனர். நான்கு வகுப்பறைகளில் மின்விசிறி சுழலவில்லை. முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் வியர்வையில் நனைந்தபடி எழுத்துப் பழகினர்.

தலைமையாசிரியருடன் நானும் காவல் நிலையம் சென்றேன். ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். புகாரைத் தட்டச்சு செய்த காவலர் கேட்ட முதல் கேள்வி, "மொத்தம் எத்தனை வெள்ளி?" என்பதுதான். சொன்னோம், சிரித்தார். "குழாய்தானே போனது? இந்தப் புகார் நகலைக் காட்டிப் புதிதாகக் கேட்டு வாங்கிக் கொள்ளுங்கள்," என்றார். ஆறு வாரங்கள் கடந்துவிட்டன. எவரும் பள்ளிக்கு வந்து பார்க்கவில்லை. அண்டை வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

'சிறு திருட்டு' என்று பெயர் சூட்டியது யார்? நம் நாட்டுத் தண்டனைச் சட்டம் 379ஆம் பிரிவின்படி திருட்டுக்கு 7 ஆண்டு வரை சிறை விதிக்கலாம். பொருள் எத்தனை வெள்ளி பெறும் என்ற அளவுகோல் அப்பிரிவில் இல்லை. அந்த அளவுகோல் முகப்பிடத்தில்தான் இருக்கிறது.

ஆள் பற்றாக்குறை என்பார்கள். கொலையும் கொள்ளையும் முந்த வேண்டும் என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் திருடியவன் பித்தளையையும் செம்பையும் வீட்டு அலமாரியில் அழகுக்கா வைத்திருப்பான்? பழைய இரும்புக் கடையில்தானே விற்பான்! 1946ஆம் ஆண்டுப் பழைய பொருள் வணிகர் சட்டத்தின்படி அக்கடைகளுக்கு உரிமம் வழங்குவது காவல் துறையே. வாங்கிய பொருளைக் கணக்கேட்டில் பதிய வேண்டியது கடைக்காரரின் கடமை. வட்டாரத்திலுள்ள ஒன்றிரண்டு கடைகளின் ஏட்டைப் புரட்டிப் பார்க்க ஒரு படையா வேண்டும்? ஒரு காவலரும் ஒரு காலைப்பொழுதும் போதாவா?

வேலியே பயிரை மேய்ந்தது என்று நான் சொல்லவில்லை. வேலி உறங்கிவிட்டது என்றுதான் சொல்கிறேன்.

என்னை உறுத்துவது குழாயின் விலை அன்று. நன்னெறிக் கல்விப் பாடத்தில், கீழே கிடந்த பணத்தை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். பலரும் "காவல் நிலையத்தில் ஒப்படைப்போம்" என்றனர். ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் எழுந்து, "நம் பள்ளிக் குழாய்க்கே அவர்கள் வரவில்லையே, டீச்சர்?" என்றான். வகுப்பு சிரித்தது. என்னிடம் மறுமொழி இல்லை. இருபது ஆண்டுகளாகக் கற்பித்துவரும் பாடத்தை அந்த ஒரு கேள்வி கலைத்துவிட்டது.

தவறு நம்மிடமும் உண்டு. ஒருமுறை அலைந்து சலித்தவர்கள் மறுமுறை புகார் செய்வதே இல்லை. மோட்டார் சைக்கிள் தலைக்கவசம் போனாலும், கோயில் உண்டியல் உடைந்தாலும், "சொல்லி என்ன ஆகப்போகிறது?" என்று இருந்துவிடுகிறோம். புகார் இல்லையேல் கணக்கில் குற்றமும் இல்லை. பிறகு குற்றம் குறைந்தது என்று அறிக்கை வந்தால் யாரை நோவது?

பலரும் அறியாத ஒரு வழி உண்டு. குற்றவியல் நடைமுறைச் சட்டம் 107ஏ பிரிவின்படி, புகார் செய்து நான்கு வாரங்கள் கடந்தபின், விசாரணை எந்நிலையில் உள்ளது என்று புகார்தாரர் அறிக்கை கேட்கலாம். விசாரணைக்கு ஊறு விளைவிக்காதவற்றை இரண்டு வாரத்திற்குள் நிலையப் பொறுப்பதிகாரி தெரிவிக்க வேண்டும். தராவிட்டால் அரசு வழக்குரைஞரிடம் முறையிடலாம். இது சலுகை அன்று, உரிமை.

சென்ற திங்கட்கிழமை எங்கள் பள்ளி அக்கடிதத்தைக் கொடுத்துவிட்டது. பெற்றோர் ஆசிரியர் சங்கமும் கையொப்பமிட்டது. உங்கள் பள்ளியிலும் பொருள் களவு போயிருந்தால், புகார் எண்ணைத் தேடி எடுங்கள், கடிதம் எழுதுங்கள், நகலைப் பத்திரப்படுத்துங்கள்.

பதில் வந்தால் இங்கு எழுதுகிறேன். வராவிட்டாலும் எழுதுவேன். அந்த மாணவனுக்கு நான் ஒரு மறுமொழி சொல்லியாக வேண்டும்.