காலியான மாத்திரைப் பெட்டி

இரவு மணி எட்டு. முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பாளர் மாத்திரைப் பெட்டியைத் திறக்கிறார். பாட்டி ஒருவரின் இரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துவிட்டது. பக்கத்துக் கட்டிலில் இருப்பவரிடம் அதே நிற மாத்திரை உண்டு. பராமரிப்பாளர் என்ன செய்ய வேண்டும்?

பிரிக்பீல்ட்ஸ் முதல் கிள்ளான் வரை பல முதியோர் இல்லங்கள் இயங்குகின்றன. 2030-ஆம் ஆண்டில் மலேசியர்களுள் ஏறக்குறைய 15 விழுக்காட்டினர் 60 வயதைக் கடந்திருப்பர் எனக் கணிக்கப்பட்டுள்ளது. ஆகவே, இக்கேள்வி பல குடும்பங்களின் வாசலுக்கு வரும்.

மருந்து தவறுவதற்குக் காரணங்கள் பல. அரசாங்க மருத்துவமனைகளில் நீண்டகால நோய்க்கான மருந்து பெரும்பாலும் மாதந்தோறும் வழங்கப்படுகிறது. அதை வாங்கி வர வேண்டிய பிள்ளைக்கு விடுப்புக் கிடைக்காமல் போகலாம். சில வேளைகளில் மருந்தே கிடைப்பதில்லை. 2022-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் நம் நாட்டில் காய்ச்சல், இருமல் மருந்துகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது.

எனவே, ஒரு வேளை மருந்து தவறியதைப் பெருங்குற்றமாகக் கருதுவது சரியன்று. அதை மறைப்பதே பெருந்தவறு. ஏச்சுக்கு அஞ்சும் ஊழியர், மறுவேளை இரண்டு மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுக்கக்கூடும். அதனால் இரத்த அழுத்தம் அளவுக்கு மீறிக் குறைந்து முதியவர் மயங்கி விழலாம். பிறர் மருந்தைக் கொடுப்பதும் ஆபத்தே. நிறம் ஒன்றாக இருந்தாலும் மருந்தும் அளவும் வேறாக இருக்கலாம். வலிப்பு நோய்க்கான மருந்தோ ஒரு வேளை தவறினாலே வலிப்பு வரக்கூடும். எல்லா மருந்துக்கும் ஒரே விதி இல்லை. ஆதலால், பராமரிப்பாளர் ஊகித்துச் செயல்படாமல் மருத்துவரையோ மருந்தாளரையோ உடனே தொலைபேசியில் கேட்க வேண்டும். தவறிய நேரத்தையும் காரணத்தையும் குறிப்பேட்டில் எழுத வேண்டும். குடும்பத்தாருக்கும் தெரிவிக்க வேண்டும்.

ஊழியர் குறைவு, எழுத நேரமில்லை என்பர் சிலர். அதில் உண்மை உண்டு. ஆயினும், எழுதாமல் விட்டால், அடுத்து வேலைக்கு வருபவர் மருந்து கொடுக்கப்பட்டதா இல்லையா என அறியாமல் தவிப்பார்.

குடும்பத்தாருக்கும் பொறுப்பு உண்டு. மருந்து தீர்வதற்கு ஒரு வாரம் முன்னரே ஏற்பாடு செய்ய வேண்டும். தொடர் மருந்தை அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கில் பெறும் வசதியும், அஞ்சல்வழி பெறும் வசதியும் நம் நாட்டில் உள்ளன. இல்லத்திற்குச் செல்லும் பேரப்பிள்ளைகள் பழங்களோடு ஒரு கேள்வியையும் எடுத்துச் செல்லலாம்: "பாட்டி, இந்த வாரம் எல்லா மருந்தும் கிடைத்ததா?"

இல்லை என்று ஊழியர் ஒப்புக்கொண்டால், அவரை ஏசாமல் காரணத்தைக் கேட்டறிய வேண்டும். உண்மை சொன்னவரை ஏசும் குடும்பத்திற்கு, அடுத்த முறை உண்மை வந்து சேராது.