எட்டு லட்சம் பத்தலையா, சாஹேப்?

வதோதராவில் எங்கள் கிளைக்கு "பேலன்ஸ் சர்டிபிகேட்" கேட்டு வராத வாரம் கிடையாது. எல்லாம் விசாவுக்குத்தான். கணக்கைத் திறந்து பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. ஆறு மாசமாக பென்ஷன் 28 ஆயிரம் வரும், போகும். திடீரென்று ஒரு செவ்வாய்க்கிழமை எட்டு லட்சம் வந்து உட்காரும். புதன்கிழமை சர்டிபிகேட். வெள்ளிக்கிழமை பணம் போயே போச்சு.

ஏஜென்ட் சொன்னாராம். ஏற்பாடு செய்ததும் அவரேதானாம், வட்டியோடு!

லெஸ்டரில் இருக்கும் மகளைப் பார்க்க விண்ணப்பித்த ஒரு ரிட்டயர்ட் வாத்தியார், மறுப்புக் கடிதத்தோடு வந்தார். இங்கிலாந்துக்காரர்கள் காரணத்தை எழுதியே அனுப்புவார்கள். இந்தத் தொகை எங்கிருந்து வந்தது, வருமானத்துக்குப் பொருந்தவில்லையே என்று தெளிவாகவே எழுதியிருந்தது. படித்துச் சொன்னேன். அவர் கேட்டார்: "எட்டு லட்சம் பத்தலையா, சாஹேப்? அடுத்த தடவை பதினஞ்சு போடவா?"

எனக்கு வந்த கோபம் அவர் மேல் இல்லை. விசா அதிகாரி நீங்கள் பணக்காரரா என்று பார்ப்பதில்லை ஐயா. சொன்னது உண்மையா, போனால் திரும்பி வருவாரா, இதுதான் அவர் கேள்வி. மார்ச் 31-ல் டெபாசிட்டை ஊதிக் காட்டுவதற்கு எங்கள் தொழிலில் விண்டோ டிரெஸ்ஸிங் என்று பெயர் (நாங்கள் மட்டும் யோக்கியமா என்று கேட்காதீர்கள்). ஸ்டேட்மெண்டைப் பார்த்ததுமே எனக்குத் தெரிவது, தினமும் அதையே பார்க்கிறவனுக்குத் தெரியாதா?

இதில் கொடுமை, அந்த எட்டு லட்சம் தேவையே இல்லை. செலவை மகள் ஏற்றுக்கொள்ளலாம் என்று அவர்கள் விதியே அனுமதிக்கிறது. மகளின் சம்பளச் சீட்டு, தங்க வீடு, இவருடைய பென்ஷன், இங்கே இருக்கும் மனைவியும் வீடும். உள்ளதைச் சொல்லியிருந்தாலே வலுவான கேஸ். கடன் வாங்கிய பணம் அதையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிட்டது. போலிக் காகிதம் என்று முடிவானால் அங்கே பத்து வருஷத் தடை. அமெரிக்காவில் பொய் சொல்லி மாட்டினால் ஆயுசுக்கும் தகுதியிழப்பு.

தூதரகங்களை நான் விட்டுவிடப் போவதில்லை. அமெரிக்காவின் 1952 சட்டத்தில் 214(பி) என்று ஒரு பிரிவு. வருகிறவர் எல்லாம் அங்கேயே தங்கப் போகிறவர் என்றுதான் ஆரம்பம். இல்லை என்று நிரூபிப்பது நம் பாடு. இரண்டு மூன்று நிமிஷப் பேச்சு, கொண்டுபோன ஃபைலைப் பல நேரம் தொடுவதுகூட இல்லை, கையில் ஒரு அச்சடித்த தாள். அப்பீல் கிடையாது. 185 டாலரும் திரும்பாது. உறவினரைப் பார்க்கப் போகிறவர்களுக்கு இருந்த முழு அப்பீல் உரிமையை இங்கிலாந்தும் 2013-ல் எடுத்துவிட்டது. மனுஷனுக்கு ஏன் மறுத்தார்கள் என்று புரியாதவரை, ஏஜென்ட் தாயத்து விற்றுக்கொண்டேதான் இருப்பார். இருட்டு அவர்களுடையது, லாபம் இவருடையது.

வாத்தியார் மறுபடி விண்ணப்பித்திருக்கிறார். முதல் தடவை நடந்ததை மறைக்காமல் ஒரு பக்கம் எழுதி வைத்தோம். கணக்கில் 61 ஆயிரம் இருக்கிறது, எல்லாம் அவருடையது. பதில் இன்னும் வரவில்லை.

நேற்று அந்த ஏஜென்ட் போன் செய்து, "கஸ்டமரைக் குழப்புறீங்களாமே?" என்றார். ஆமாம் என்றேன்.