எண்ணெயின் வாக்குமூலம்

மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் குடியிருப்பவர்களுக்கு டிராக்டரைப் பற்றி என்ன கவலை என்று சில நேயர்கள் கேட்கக்கூடும். மொட்டை மாடியில் நாலு தொட்டிச் செடி வளர்ப்பதே பெரிய விவசாயமாகிவிட்ட பேட்டைகள் அல்லவா இவை? வாஸ்தவந்தான். ஆனால் இவ்வீடுகளில் சிலவற்றுக்குத் தஞ்சாவூர்ப் பக்கத்திலோ செங்கற்பட்டுப் பக்கத்திலோ ஒரு துண்டு நிலமோ தோப்போ இன்னும் இருக்கிறது. மாடு கட்டிக் காப்பாற்ற இயலாமல், சிறிய டிராக்டர் ஒன்றை வாங்கிவிட்டவர்களும் உண்டு. தவிர, மழைக் காலத்தில் நம் தெருக்களில் சேற்றையும் குப்பையையும் அள்ளும் மாநகராட்சியின் 'பாப்காட்' வண்டிகள் ஓடுவதும் நாம் சொல்லப் போகும் தத்துவத்தினால்தான்.

எண்ணெய் அழுத்தத்துக்கும் டிராக்டருக்கும் உறவு பழையது. 1920-களில் ஹாரி பெர்குஸன் என்னும் ஐரிஷ்காரர், கலப்பையை எண்ணெயின் பலத்தால் தூக்கவும் இறக்கவும் வழி கண்டார். 1960-ல் சென்னையில் தோன்றிய 'டாபே' கம்பெனியின் மாஸ்ஸி பெர்குஸன் டிராக்டர்கள் அந்த வம்சத்தைச் சேர்ந்தவையே. கலப்பையைத் தூக்கிய எண்ணெய், சக்கரத்தையும் உருட்டத் தொடங்கியது பிற்பாடுதான். 1960-களில் அமெரிக்கத் தோட்ட டிராக்டர்களில் இம்முறை புகுந்தது. நம் நாட்டு டிராக்டர்களில் இன்றும் பெரும்பாலானவை கியரில் ஓடுகின்றன. ஹைட்ராலிக் ஓட்டம் உள்ள சிறு வண்டியிலோ, இஞ்சின் ஒரு பம்பைச் சுழற்றுகிறது. பம்பு எண்ணெயைத் தள்ளுகிறது. எண்ணெய் ஒரு மோட்டாரைச் சுழற்ற, சக்கரம் உருளுகிறது. மிதியை அழுத்தினால் பம்புக்குள் ஒரு தட்டு சாய்கிறது. சாய்வுக்கு ஏற்ப வேகம்; மறுபுறம் சாய்ந்தால் வண்டி பின்னே போகும்.

இத்தகைய வண்டி ஒரு நாள் மேட்டில் ஏற மறுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உடனே, "பம்பு போய்விட்டது, ஸார்!" என்று தீர்ப்பு வந்துவிடும். பம்பின் விலையோ சாமானியமல்ல. நடவுக்கு நாள் குறித்துவிட்டு நிற்கும் குடித்தனக்காரர், கடன் வாங்கியாவது புதிதாகப் போடச் சம்மதிப்பார். சாட்சியை விசாரிக்காமலே குற்றவாளியைத் தூக்கில் போடுவதைப் போன்றது இது. இந்த வழக்கில் முதல் சாட்சி எண்ணெய்தான்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, இஞ்சினை அணைத்து, எண்ணெயின் மட்டத்தையும் நிறத்தையும் பாருங்கள். பாலைப் போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. நுரை பொங்கினால் எங்கோ தளர்ந்த குழாய் வழியே காற்று புகுகிறது. கறுத்துக் கருகிய வாசனை வீசினால் அதிகமாகக் காய்ந்திருக்கிறது. பம்பு ஊளையிட்டால் எண்ணெய்ப் பசியில் அழுகிறது என்று அர்த்தம், வடிகட்டி அடைத்திருக்கலாம். அதைப் பெட்ரோலில் அலசி மீண்டும் மாட்டும் சிக்கனம் வேண்டாம். புதியதே போட வேண்டும். எண்ணெயும் கம்பெனிப் புத்தகத்தில் சொல்லிய வகையாகவே இருக்கட்டும்.

காலையில் நன்றாக ஓடி, வெயில் ஏறியதும் சோர்கிறதா? குளிர்விக்கும் இடத்தில் வைக்கோலும் தூசும் அப்பியிருக்கின்றனவா என்று பாருங்கள். சுத்தம் செய்து, எண்ணெய் மாற்றியும் சோர்வு தீராவிட்டால்தான் உள்ளே தேய்மானம் என்று சந்தேகிக்க வேண்டும். வண்டி அசையவே இல்லையா? தள்ளிக்கொண்டு போவதற்காகத் திறந்த வால்வை மூட மறந்திருக்கலாம், கைப்பிரேக்கு பிடித்திருக்கலாம், மிதியின் இணைப்பில் ஓர் ஆணி கழன்றிருக்கலாம். பல சிறு டிராக்டர்களில் தூக்கும் வேலைக்கும் ஓடும் வேலைக்கும் எண்ணெய்த் தொட்டி ஒன்றே. இரண்டும் சேர்ந்து தளர்ந்தால் எண்ணெயையும் வடிகட்டியையும் கவனியுங்கள். ஓட்டம் மட்டும் தளர்ந்தால் வால்வையும் மிதியையும் பாருங்கள். இத்தனைக்கும் பிறகு, அழுத்தமானி வைத்துச் சோதித்து, அழுத்தம் குறைவென்று கண்டால் பம்பின் மேல் குற்றம் சாட்டலாம்.

மிதியை விட்ட பிறகும் வண்டி மெல்ல நகர்ந்தால் அதை அலட்சியம் செய்யலாகாது. நடுநிலை பிசகியிருக்கிறது, அதைச் சரிசெய்யும் வரை இஞ்சின் ஓட, வண்டியை விட்டு இறங்கக் கூடாது.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. எண்ணெய் எங்கே கசிகிறது என்று கையால் தடவிப் பார்க்காதீர்கள். ஊசி முனைத் துவாரத்திலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே தெரிவது எறும்புக் கடி போன்ற ஒரு புள்ளி. உள்ளே சதை அழுகி, விரலையோ கையையோ எடுக்கும்படி நேரிடும். ஓர் அட்டைத் துண்டைக் காட்டிக் கசிவைக் கண்டுபிடியுங்கள். ஒருவேளை தோலில் பாய்ந்துவிட்டால், வலி இல்லையென்று வீட்டில் இருக்காமல், அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போய் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

பட்டணத்திலிருந்தபடி நிலத்தை நடத்தும் நேயர்களுக்கு ஒரு விண்ணப்பம்: "பம்பு போய்விட்டது" என்று ஊரிலிருந்து செய்தி வந்தால், பணம் அனுப்புவதற்கு முன், "எண்ணெய் எப்படி இருக்கிறது?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வண்டியில் ஏறும் ஆளின் கையையும் காலையும் பற்றி அதற்கும் முன்னதாகவே கேளுங்கள்.