தானம் பெற்ற முதியோரும் கைபேசியும்

2008-ம் வருஷம் செப்டம்பரில் விபத்தில் மாண்ட ஹிதேந்திரன் என்ற பாலகனின் அவயவங்களை அவன் பெற்றோர் பிறருக்கு அளித்த செய்தி தமிழ் மக்களின் உள்ளத்தை உருக்கிற்று. 2023-ம் வருஷத்தில், அவயவதானம் செய்தோரின் உடலுக்கு அரசு மரியாதை செய்வதென்று நமது சர்க்கார் அறிவித்தனர். கொடுத்தவரைக் கௌரவிப்பது நியாயமே. பெற்றவரை, அதிலும் வயது முதிர்ந்தவரை, எவ்வாறு காக்கிறோம் என்பதே நாம் எழுப்பும் கேள்வி.

இறந்தோரின் அவயவத்தைப் பெறப் பதிவு செய்துகொள்வதற்கு முன்பிருந்த 65 வயது வரம்பை 2023-ல் மத்திய சர்க்கார் நீக்கிவிட்டனர். இளமையில் சிறுநீரகம் பெற்றவர்களும் முதுமையை எட்டி வருகின்றனர். ரண சிகிச்சையோடு காரியம் முடிந்ததென்று எண்ணுவது தவறு. அந்நிய அவயவத்தை உடல் தள்ளிவிடாதிருக்க ஆயுள் முழுதும் மருந்து உட்கொள்ள வேண்டும். டாக்ரோலிமஸ் என்னும் மருந்து குறைந்தால் அவயவம் கெடும். மிகுந்தால் சிறுநீரகமே பழுதுபடும், சர்க்கரை வியாதியும் தோன்றலாம். முதியவர்க்கோ மறதியும் பார்வைக் குறைவும் கூடவே வருகின்றன. மூட்டுவலிக்கென்று கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை சிறுநீரகத்திற்குச் சத்துரு. பம்பளிமாஸ் பழமும் மருந்தின் அளவை ஏற்றிவிடக் கூடுமாதலால் வைத்தியர்கள் அதை விலக்கச் சொல்கின்றனர். இவற்றையெல்லாம் தினந்தோறும் நினைவூட்டுவார் யார்?

நமது சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை நடைபெறுகிறது. ஆயினும் சென்னையில் சிகிச்சை பெற்ற அஸ்தம்பட்டி முதியவர் ஒவ்வொரு சந்தேகத்திற்கும் சுமார் 340 கிலோமீட்டர் பிரயாணம் செய்ய இயலுமா? இங்கேதான் கைபேசி உதவக்கூடும். மருந்து வேளையில் மணி அடித்து அழைக்கலாம். ரத்த அழுத்தம், எடை, ஜுரம் ஆகியவற்றைக் குறித்து வைத்தியருக்கு அனுப்பலாம். எவ்வளவு நடக்கவேண்டும், எதை உண்ணவேண்டும் என்று சொல்லலாம். கொரோனாக் காலத்தில் ‘இ-சஞ்சீவனி’ மூலம் வீட்டிலிருந்தே வைத்தியரைக் கண்டவர் பலர்.

“கிழவருக்குக் கைபேசி எதற்கு?” என்று கேட்போர் உண்டு. குற்றம் கிழவரிடத்தில் இல்லை. அவரை நினையாமல் செய்யப்படும் கருவியிடத்திலேயே உள்ளது. ஆதலின் நாம் கோருவன இவை. செயலி தமிழில் பேசவேண்டும், எழுத்துப் பெரிதாயிருக்கவேண்டும். ஊறுகாயையும் அப்பளத்தையும் பற்றி எச்சரியாமல் சீமை உணவைப் பற்றிப் போதிப்பதால் பயனில்லை. அனுப்பும் குறிப்பை அன்றே படித்துப் பதில் சொல்ல ஒரு செவிலியர் இருக்கவேண்டும். படிப்பாரற்ற குறிப்பு கச்சேரியில் தூங்கும் மனுவுக்கு ஒப்பாகும். நோயாளியின் ரகசியம் வியாபாரிகள் கைக்குப் போகலாகாது; இதற்கெனத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறியிருக்கிறது. கைபேசி இல்லாத ஏழையும் கைவிடப்படலாகாது. 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் ஊழியர்கள் ரத்த அழுத்தத்திற்கும் சர்க்கரைக்கும் மருந்து கொண்டு வீடு தேடிச் செல்கின்றனர். அவ்வூழியர் கையிலேயே இக்கருவியைக் கொடுத்து, அவயவம் பெற்ற முதியோரையும் பார்த்துவரச் செய்வதில் பெருஞ்செலவு என்ன?

பிறர் நம்பி ஒப்படைத்த சொத்தைப் பரிபாலிக்கும் தர்மகர்த்தா அசட்டையாயிருந்தால் சட்டம் அவரை விடுவதில்லை. தானமாய் வந்த அவயவமும் அத்தகைய சொத்தே. அதைப் பெற்றவர் ஒரு தர்மகர்த்தா. அதைப் பெற வழிசெய்த சர்க்கார் மற்றொருவர். பொதுஜன ஊழியர்கள் தத்தம் சட்டசபை அங்கத்தினரிடமும் மாநகராட்சி உறுப்பினரிடமும் இக்கோரிக்கையை இடைவிடாது வற்புறுத்தவேண்டும். வீட்டிலுள்ள இளைஞர்களும் நாளொன்றுக்குக் கால்மணி நேரம் பெரியோர் அருகில் அமர்ந்து கருவியைப் பழக்கிவைப்பார்களாக. மகனைப் பறிகொடுத்த துக்கத்திலும் பிறர் உயிரை நினைத்த பெற்றோரின் தானம், ஒருவேளை மாத்திரை மறந்ததால் வீணாயிற்று என்ற பழி நம் நாட்டிற்கு வரலாகாது.