கோயில் பார்த்த கையோடு வீட்டையும் பாருங்கள்

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார் என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறோம். ஆனால், கல்யாணம் என்றால் பெண் பார்க்கக் குடும்பமே கிளம்புகிறது. வீடு என்றால் பொறியாளர் கணினியில் காட்டும் முகப்புப் படத்தோடு காரியம் முடிந்துவிடுகிறது. மண்ணையும் சுண்ணாம்பையும் வைத்துக் கட்டலாம் என்று வீட்டில் ஒருவர் யூடியூபில் பார்த்துவிட்டுச் சொன்னால், ‘மண் வீடா? கரையான் அரிக்காதா? சொந்தக்காரங்க என்ன சொல்வாங்க?’ என்பதோடு பேச்சு அடங்கிவிடும். இயற்கைக்கு இசைந்த கட்டுமானம் பரவாததற்குத் தொழில்நுட்பக் குறை பெரிய காரணமல்ல. முடிவெடுக்கும் நாலு பேரும் அப்படியொரு கட்டடத்துக்குள் சேர்ந்து நின்றதே இல்லை. விடுமுறைப் பயணத்தில் ஒரு பகலை அதற்கு ஒதுக்கலாம் என்பதே என் வாதம்.

கன்னியாகுமரி வரை போகிறவர்களுக்குத் தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. கறுப்புக் கண்ணாடிபோல் மின்னும் அதன் தரையில் சுண்ணாம்பும் சிரட்டைக் கரியும் முட்டையின் வெள்ளைக்கருவும் சேர்ந்திருப்பதாகச் சொல்வார்கள். வெறுங்காலோடு நடக்கும் குழந்தைக்கு அந்தக் குளிர்ச்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை. அப்படியே திருவனந்தபுரம் போனால், தம்பானூர் பேருந்து நிலையம் அருகே கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் வடிவமைத்த இந்தியன் காபி ஹவுஸ். சுழன்று ஏறும் செங்கல் கோபுரம், சுவரெங்கும் காற்றுக்கான துளைகள். ஒரு தோசை விலையில் இதைவிட நல்ல கட்டடப் பாடம் கிடைக்காது. செங்கல்லைப் படுக்கவைக்காமல் குத்துவாட்டில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுச் சுவர் எழுப்பும் முறையை நம் பக்கம் பரப்பியவரும் அவர்தான். ஏறத்தாழ 25 சதவீதச் செங்கல் மிச்சமாகும், அந்த வெற்றிடம் வெயிலையும் தடுக்கும். ஆரோவில்லில் சுடாத மண்கல்லைப் பார்க்கலாம்: மண்ணோடு பொதுவாக 5 சதவீத அளவு சிமென்ட் கலந்து, அழுத்திச் செய்வது. சிமென்டுக்கான கிளிங்கர் சுமார் 1,450 டிகிரி வெப்பத்தில் வேகிறது. சுண்ணாம்புக்கு 900 டிகிரி அளவு போதும். சுண்ணாம்பு இறுகும்போது, சூளையில் வெளியேறிய கரியமில வாயுவில் ஒரு பகுதியைத் திரும்ப இழுத்துக்கொள்கிறது. உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் 7, 8 சதவீதம் சிமென்டால் வருவது என்கிறபோது இந்த வேறுபாடு சின்னதல்ல. செட்டிநாட்டில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். பர்மா தேக்கும் இத்தாலியப் பளிங்கும் கப்பலில் வந்து இறங்கிய வீடுகளை எளிமைக்கு உதாரணமாகக் காட்டக் கூடாது. அங்கே கற்க வேண்டியது முற்றமும், கூரைத் தண்ணீர் அதில் வந்து சேரும் விதமும். அந்தப் பக்கத்து ஆத்தங்குடித் தரைக்கல்லிலும் சிமென்ட் உண்டு. ஆனால் சூளை இல்லை.

ஏசி அறைக்கு வெளியே மண் பூசி, அதற்கும் சேர்த்து வாடகை வாங்கும் விடுதிகளை விட்டுவிடலாம். பயணமே புகை கக்குகிறதே என்ற கேள்விக்கு, ரயிலும் அரசுப் பேருந்தும் போகிற இடங்களையே மேலே சொல்லியிருக்கிறேன். மூங்கில் பள்ளிக்கூடம் பார்க்கப் பாலிக்கு விமானம் ஏறுவதற்கு என்னிடம் நியாயம் இல்லை. உண்மையில் கனமான மறுப்பு வேறு. 2004-இல் கும்பகோணம் பள்ளியில் கீற்றுக்கூரையில் பற்றிய தீ 94 குழந்தைகளைக் கொன்றது. குடிசையில் ஒழுகும் மழையில் விடிய விடிய உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கான்கிரீட் தளம் என்பது மானமும் பாதுகாப்பும். அவர்களிடம் போய் மண்ணின் மகிமை பேச வசதியானவர்களுக்கு உரிமை கிடையாது. ஆனால், பேக்கர் கட்டியவை கீற்றுக் கொட்டகைகள் அல்ல. மண்கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் தீயோடு கீற்றுக்கு உள்ள உறவு இல்லை. கீற்றும் இவையும் வேறு என்பது படத்தில் தெரியாது, நேரில் தெரியும். சித்திரை வெயிலில் பிற்பகல் இரண்டு மணிக்குப் போனால் இன்னும் நன்றாகத் தெரியும்.

பராமரிப்பு மிச்சமிருக்கிறது. இங்கேதான் பாட்டி கூட வர வேண்டும். வாரந்தோறும் சாணி மெழுகியது யார், பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது கை வெந்தது யாருக்கு என்பதை வழிகாட்டி சொல்ல மாட்டார், பாட்டி சொல்வார். அந்த உழைப்பை இனி யார் செய்வது என்று வீட்டு ஆண்கள் அங்கேயே பதில் சொல்லட்டும். சொல்ல முடியாவிட்டால் சிமென்டிலேயே கட்டட்டும். முடிந்தால் ஊர்க் கொத்தனாரையும் உடன் அழைத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது, இந்தப் பூச்சுக்குச் சுண்ணாம்பை எத்தனை நாள் ஊறப்போட்டார்கள், கடுக்காய் எவ்வளவு சேர்த்தார்கள் என்று கேட்கப்போகிறவர் அவர்தான்.