அடுத்தவர் சொன்னதைச் சரியாகச் சொல்வது

"டைரக்ட், இன்டைரக்ட் எல்லாம் பரீட்சையோட முடிஞ்சுது. கம்பெனியில அதை யாரு கேக்கப் போறாங்க?"

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பக்கம் வேலைக்குத் தயாராகும் ஐ.டி.ஐ., டிப்ளமோ பிள்ளைகளிடம் இந்தப் பேச்சு வேரூன்றிவிட்டது. பெற்றோரும் சொல்கிறார்கள், பயிற்சி கொடுப்பவர்களும் சொல்கிறார்கள். நாலு வார்த்தை இங்கிலீஷ் தைரியமாகப் பேசினால் போதுமாம். நேர்கூற்றை அயற்கூற்றாக மாற்றுவது ஐந்து மதிப்பெண் சமாச்சாரமாம். நான் இதை அடியோடு மறுக்கிறேன். பள்ளி ஆங்கில இலக்கணத்தில் தொழிற்சாலைக்குள் தினமும் தேவைப்படும் பாடம் எது என்று கேட்டால், முதலில் இதைத்தான் காட்டுவேன்.

வேலையிடத்தில் இது வரவே வராது என்பது முதல் வாதம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-ல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. பின்னர் ஒரகடத்தில் ரெனோ–நிசான், டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு என்று ஆலைகள் வரிசையாக வந்தன. ஷிஃப்ட் முறையில் ஓடும் ஆலை எதுவானாலும், ஒரு ஷிஃப்ட் கிளம்பும்போது மெயின்டனன்ஸ் ஆள் சொன்னது, குவாலிட்டிக்காரர் எச்சரித்தது, இன்சார்ஜ் வேண்டாம் என்று தடுத்தது எல்லாம் அடுத்த ஷிஃப்டின் கைக்குப் போக வேண்டும். ஷிஃப்ட் ஒப்படைப்பு முழுக்க முழுக்க அயற்கூற்றுதான்.

இரவு ஷிஃப்டை எடுத்துக்கொள்வோம். பதினொன்றரை மணிக்கு மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "பேரிங்கை நாளைக்கு மாத்திடறேன்" என்கிறார். ஆபரேட்டர் லாக் புக்கில் 'டுமாரோ' என்று அப்படியே எழுதிவிட்டுப் போகிறார். காலையில் வருகிறவர் அதை வாசிக்கும்போது அந்த 'நாளை' எந்த நாள்? பக்கத்தின் மேலே இருக்கும் தேதிப்படி பார்த்தால் இன்று. வாசிக்கிறவர் கணக்கில் பார்த்தால் மறுநாள். தேய்ந்த பேரிங் இன்னொரு நாள் ஓடுவதற்கு இந்தக் குழப்பம் போதும். 'டுமாரோ'வை 'தி நெக்ஸ்ட் டே' என்று மாற்று, 'ஹியர்' என்பதை 'தேர்' என்று மாற்று என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோமே, அந்த விதி இதற்காகத்தான் இருக்கிறது. சொன்னவர் நின்ற இடமும் நேரமும் வேறு, வாசிப்பவருடையது வேறு. லாக் புக்கில் அதைவிட நல்ல வழி, தேதியையே எழுதிவிடுவது.

இது சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் பைப்பர் ஆல்ஃபாவை நினைத்துப் பார்க்கட்டும். ஸ்காட்லாந்துக்குக் கிழக்கே வடகடலில் இருந்த எண்ணெய் மேடை அது. 1988 ஜூலை 6 அன்று ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைப் பராமரிப்புக்காகக் கழற்றியிருந்தார்கள். அந்தச் செய்தி இரவு ஷிஃப்டுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. இரவில் இன்னொரு பம்பு நின்றுபோகவே, இந்தப் பம்பை ஓட்டினார்கள். மேடை வெடித்து எரிந்தது. 167 பேர் இறந்தார்கள். பிற்பாடு விசாரித்த கல்லன் பிரபுவின் அறிக்கை, ஷிஃப்ட் ஒப்படைப்பில் இருந்த குறையையும் காரணங்களில் ஒன்றாகக் காட்டியது.

"காலத்தை ஒரு படி பின்னால் தள்ளினால் முடிந்தது, இதில் யோசிக்க என்ன இருக்கிறது" என்பது அடுத்த வாதம். இதற்குப் பள்ளிக்கூடமும் ஒரு காரணம். 'செட்' என்று வந்துவிட்டால் 'இஸ்' கட்டாயம் 'வாஸ்' ஆக வேண்டும் என்று வகுப்பில் அடித்துச் சொல்கிறார்கள். ஆங்கில இலக்கணம் அப்படிச் சொல்லவில்லை. சொன்ன விஷயம் இன்னும் உண்மையாக இருந்தால் நிகழ்காலத்தையே வைத்துக்கொள்ளலாம். 'வால்வ் லீக் ஆகிறது' என்று ஃபிட்டர் சொன்னதை 'தி வால்வ் வாஸ் லீக்கிங்' என்று எழுதினால், படிப்பவர் ஒருவேளை சரிசெய்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளக்கூடும். 'தி வால்வ் இஸ் லீக்கிங்' என்று எழுதினால் ஜாக்கிரதையாக இருப்பார். விடைத்தாளில் தவறு என்று சுழிக்கப்படும் வாக்கியம், ஆலையில் ஒருவர் கையைக் காப்பாற்றும் வாக்கியம். யோசிக்காமல் போடும் கணக்காக இதைச் சொல்லிக்கொடுத்ததால்தான் இது உதவாத பாடம் என்ற எண்ணமே வந்தது.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு இது வராது என்று சொல்வதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. நாம் பேசும் தமிழில் 'ன்னு' சேர்த்தால் போதும், அடுத்தவர் பேச்சை அப்படியே எடுத்து வைத்துவிடலாம். காலம் மாறாது, 'நான்' கூட மாறாது. "குமார் நான் வரமாட்டேன்னு சொன்னான்" என்றால் வராதது குமார் என்பது நமக்குப் புரிந்துவிடும். ஆங்கிலத்தில் அதே 'நான்' வந்தால் வராதவர் சொல்லிக்கொண்டிருப்பவராகிவிடுவார். நம் பிள்ளைகள் இடறும் இடம் இது ஒன்றுதான். ஒருமுறை புரியும்படி காட்டினால் போதும். திறமை குறைவு என்று முத்திரை குத்த இதில் ஒன்றுமில்லை.

கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் ஒரே விகுதியில் பிரித்துக் காட்டும் மொழி நம்முடையது. 'வந்தாங்க' வேறு, 'வந்தாங்களாம்' வேறு. ஆனால் அந்த 'ஆம்' யார் சொன்னது என்பதைச் சொல்வதில்லை. அதன் விலை என்ன என்பதை 2021 டிசம்பரில் இந்த வட்டாரமே பார்த்தது. ஆப்பிளுக்காக ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி, 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். சிலர் இறந்துவிட்டதாகப் பேச்சு பரவியது. பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். யாரும் இறக்கவில்லை. ஆனால் அந்தப் பெண்களை நான் குறை சொல்லமாட்டேன். மருத்துவமனையில் இருந்த தோழிகளின் நிலையை, எந்த மருத்துவர் எப்போது என்ன சொன்னார் என்று பெயரோடும் நேரத்தோடும் அவர்களுக்கு உடனே சொல்லியிருக்க வேண்டும். அந்தச் செய்தி இல்லாத இடத்தில்தான் வதந்தி புகுந்தது. விடுதிகள் சிலவும் உணவுக்கூடங்கள் சிலவும் தரமாக இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே பிறகு ஒப்புக்கொண்டது. ஆலை 2022 ஜனவரியில்தான் மறுபடி இயங்கியது.

இனி, எல்லாவற்றிலும் கனமான இடம்: விசாரணை. மெமோ வருகிறது, உள் விசாரணை நடக்கிறது. ஓர் உதாரணத்துக்கு, தொழிலாளி இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: "சென்சார் வேலை செய்யல, மெஷின் சேஃப்டி கார்டைத் திறந்து பாருன்னு லைன் லீடர் சொன்னாரு, அதான் திறந்தேன்." ஆங்கிலப் பதிவில் அது 'சென்சார் பழுது என்று தெரிந்தே கார்டைத் திறந்ததாக ஒப்புக்கொண்டார்' என்று ஏறுகிறது. லைன் லீடர் காணாமல் போய்விட்டார். 'செட்' இருக்க வேண்டிய இடத்தில் 'அட்மிட்டட்' உட்கார்ந்துவிட்டது. சொன்னார், ஒப்புக்கொண்டார், கூறிக்கொள்கிறார் ஆகிய மூன்றுக்கும் உள்ள தூரம் ஒருவரின் வேலை அளவுக்குப் பெரியது. பள்ளியில் இந்த வினைச்சொற்களை ஒரு பட்டியலாகத் தந்துவிட்டுக் கடந்துபோகிறோம்.

நீதிமன்றம் காப்பாற்றும் என்று இருந்துவிடவும் முடியாது. ஹரியாணா அரசுப் பேருந்து நடத்துநர் ரத்தன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1977-ல் தீர்ப்புச் சொன்னது. டிக்கெட் இல்லாத பயணிகளைப் பரிசோதனைக் குழு பிடித்தது. அந்தப் பயணிகள் யாரும் உள் விசாரணைக்கு வந்து சாட்சி சொல்லவில்லை. பரிசோதகர் சொன்னதை வைத்தே முடிவெடுத்தார்கள். உள் விசாரணைக்குச் சாட்சியச் சட்டத்தின் கறாரான விதிகள் பொருந்தாது, நம்பத்தக்கதாகவும் விஷயத்தோடு தொடர்புள்ளதாகவும் இருந்தால் கேள்விச் சாட்சியத்தையும் ஏற்கலாம் என்றது நீதிமன்றம். நடத்துநரின் பணிநீக்கம் நிலைத்தது. ஆகவே, நீதிமன்றக் கூண்டைவிட ஆலையின் விசாரணை அறையில்தான் அயற்கூற்றுக்குப் பலம் அதிகம். அங்கே அடுத்தவர் வாயால் வந்த சொல்லும் எடைக்கு வருகிறது.

போனில் பேசினால் அதுவே மொழிபெயர்த்துவிடும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அது வாக்கியத்தை மாற்றித் தரும், அன்றைக்கு லைனில் நின்று அதை யார் யாரிடம் சொன்னார்கள் என்பது அதற்குத் தெரியாது.

ஆசிரியர்களிடம் நான் கேட்பது இது. ராமுவும் சீதாவும் பேசிக்கொள்ளும் வாக்கியங்களை ஒரு வாரம் ஒதுக்கிவையுங்கள். ஒரு மாணவர் மெக்கானிக்காகப் பேசட்டும், இன்னொருவர் லாக் புக்கில் எழுதட்டும், மூன்றாமவர் அதைப் படித்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்லட்டும். எங்கே தடுமாறுகிறார்களோ அங்கே விதியைச் சொல்லிக்கொடுங்கள்.

வேலையில் இருக்கும் தம்பி, தங்கைகளுக்கு: நீங்கள் சொன்னதாக யாராவது ஆங்கிலத்தில் எழுதி நீட்டினால், வரிக்கு வரி தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். 'அட்மிட்டட்' என்று இருந்தால், நீங்கள் உண்மையில் ஒப்புக்கொண்டீர்களா என்று பாருங்கள். இல்லையென்றால் திருத்தச் சொல்லுங்கள். திருத்தாதவரை கையெழுத்துப் போடாதீர்கள்.