இருவர் மேளம்

டெல்டாக் கிராமத்துத் திருவிழாக்களில் இன்று மேளம் என்றால் பல இடங்களில் ஒரு நாயனம், ஒரு தவில், மின்சாரச் சுருதிப்பெட்டி; அவ்வளவுதான். சில கோயில்களில் அதுவும் இல்லை. தீபாராதனை நேரத்தில் சுவிட்சைத் தட்டினால் மோட்டார் முரசையும் மணியையும் அடித்துத் தள்ளுகிறது. ஆள் கிடைக்கவில்லை, பணமில்லை என்பதெல்லாம் உண்மைதான். ஆள் குறைந்தால் சங்கீதமும் குறைந்துதான் தீரவேண்டும் என்று எல்லோருமாக ஒப்புக்கொண்டுவிட்டோமே, நம் வழக்கு அதோடுதான்.

பெரிய மேளமே சிக்கனமான அமைப்பு. இரண்டு நாயனம், இரண்டு தவில், ஒத்து, தாளம்: ஆறு பேர். நான்கு வீதிக்கும் கேட்கவேண்டிய இசையை அந்த ஆறு பேரும் பங்கிட்டுக்கொண்டார்கள். ஒருவர் மூச்சு வாங்கும்போது மற்றவர் சங்கதியைத் தாங்குவார். ஒரு தவில் விட்ட இடத்தை இன்னொன்று எடுக்கும். அதில் நால்வரைக் கழித்துவிட்டு, அதே மல்லாரியையும் அதே தனியாவர்த்தனத்தையும் அப்படியே வாசித்தால் இல்லாதவர்களின் இடம்தான் காதில் விழும். இருவருக்கென்றே யோசித்தால் கதை வேறு. ஒற்றை நாயனத்துக்கு ராக ஆலாபனை குறையே அல்ல. சுருதி மட்டும் நின்றால் போதும். கீர்த்தனையில் நீண்ட சங்கதிகளை உடைத்து, மூச்சு விழும் இடத்தைத் தவிலுக்குப் பதில் சொல்லக் கொடுக்கலாம். அடுக்கிக்கொண்டு போகும் திருப்புகழ் சந்தம் ஒரே தவிலோடும் நிமிர்ந்து நிற்கும். மாற்றி வாசிக்க இணைத் தவில் இல்லாதபோது தனியாவர்த்தனத்தை விட்டுவிடுவதே மரியாதை. வலந்தலையை அடக்கி, பாட்டின் நடையோடு போகிற தவிலைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று!

இப்படிச் செய்வது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. திருவாரூர் முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) இளமையில் மணலியில் இருந்தபோது, ஜார்ஜ் கோட்டையில் கம்பெனி பேண்டு வாசிக்கக் கேட்டார் என்பார்கள். அந்த மெட்டுகளில் பல நோட்டுஸ்வர சாகித்தியங்களாயின. ‘சந்ததம் பாஹிமாம்’ ஆங்கிலேயரின் ராஜகீதத்து மெட்டு. பேண்டில் பல வாத்தியங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக எழுப்பிய ஒலியில் அவர் எடுத்துக்கொண்டது ஒற்றை மெட்டு. போட்டது சங்கராபரண ஸ்வரங்களும் சமஸ்கிருதச் சொல்லும். ஒரு குழந்தை தனியாகப் பாடினாலும் அது முழுதாக இருக்கிறது. அதே காலத்தில் தஞ்சை அரண்மனையில் இரண்டாம் சரபோஜி ஐரோப்பிய வாத்தியங்களை வைத்து பேண்டு நடத்தினார். அவர் சேர்த்த மேல்நாட்டு இசைச் சுவடிகள் சரஸ்வதி மகாலில் இருக்கின்றன. சதிரின் சின்ன மேளத்தில் முகவீணை இருந்த இடத்துக்கு கிளாரினெட் வந்ததும் அந்த நூற்றாண்டில்தான்.

மோட்சார்ட்டுக்கும் இதே வேலை இருந்தது. 1782 ஜூலையில் தன் புதிய இசை நாடகத்தை ஒரு சிறு ஊதுகருவிக் குழுவுக்கு மாற்றி எழுதிக்கொண்டிருப்பதாக அப்பாவுக்குக் கடிதம் எழுதினார். தான் முந்தாவிட்டால் வேறு யாராவது எழுதி லாபத்தைத் தட்டிக்கொண்டு போவார்கள் என்ற கவலை. கலையில் சிக்கனத்துக்குப் பின்னால் காசு இருந்தது பற்றி அவருக்கு வெட்கமில்லை. நமக்கும் வேண்டாம்.

கருவியையே மாற்றியவர்களும் உண்டு. திமிரி நாயனத்தில் சரியாகப் பேசாத சுத்த மத்திமத்துக்காகத் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையும் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியும் பாரி நாயனத்தை உருவாக்கினார்கள். 2022இல் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, நல்லது. மரத்துக்கு முத்திரை கிடைத்துவிட்டது, அதை ஊதுபவருக்கு இருவர் மேளத்துக்கான பாடாந்தரத்தை யார் தருவது?

திருவையாறு இசைக் கல்லூரி இதை ஒரு பாடமாகவே வைக்கலாம். திருவிழாக் கமிட்டிகள், இருவர் வந்தால் ஆறு பேர் சம்பளத்தில் மூன்றில் ஒன்று என்று கணக்குப் போடுவதை நிறுத்தலாம். இருவர் வாசிப்பில் மூச்சுக்கும் கைக்கும் ஓய்வு குறைவு. நாங்கள் செய்யக்கூடியது சிறியது. ஒரு நாயனம், ஒரு தவிலுக்கென்று தாங்கள் அமைத்துக்கொண்ட புறப்பாட்டு நிரலைக் கலைஞர்கள் அனுப்பினால், ஸ்வரக் குறிப்போடு அடுத்த இதழிலிருந்து வெளியிடுவோம். எழுத நேரமில்லாதவர்கள் சொல்லி அனுப்பட்டும், நாங்களே வந்து எழுதிக்கொள்கிறோம்.